வெளிநாட்டு வேலை: ஏஜென்டைத் தேடறதுக்கு முன்னால பேரைச் சரி பண்ணுங்க

கோபியிலிருந்து

வெளிநாடுன்னு முடிவு பண்ணினதும் நம்ம பக்கத்துல மொதல்ல ஏஜென்டைத்தானுங்க தேடறாங்க. அதுக்கு முன்னால டென்த் மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூணையும் எடுத்து வெச்சு, பேரை எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. பாதிப் பேருக்கு வேலை அங்கதான் மாட்டுது.

மார்க் ஷீட்ல ‘பி. செந்தில்குமார்’னு இருக்கும். பாஸ்போர்ட்டுல இனிஷியல் ஏறாது, விரிச்சுத்தான் எழுதோணும். பேர்க் கட்டத்துல செந்தில்குமார், குடும்பப் பேர்க் கட்டத்துல அப்பா பேர் பழனிசாமி. ரெண்டு கட்டமும் நிறைஞ்சிருக்கறதுதான் நல்லது. ஒத்தைச் சொல்லா ஒரே பேர் இருக்கற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லைன்னு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர்லயே சொல்லிருச்சு. அமெரிக்க விசாவுல ஒத்தைப் பேரைக் குடும்பப் பேராப் போட்டு, முதல் பேர் இருக்க வேண்டிய எடத்துல ‘எஃப்என்யூ’ன்னு, அதாவது முதல் பேர் தெரியலைன்னு அடிச்சுருவாங்க.

அதைவிடப் பெரிய ரோதனை அப்பா பேரோட ஸ்பெல்லிங். பழனிசாமி, முத்துசாமி, சின்னசாமி, எதுவானாலும் சரி, இங்கிலீஷ்ல எஸ்ஸுக்குப் பக்கத்துல டபிள்யூ ஒரு காகிதத்துல இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. பழைய பத்திரத்துல ‘கவுண்டர்’னு சேர்ந்திருக்கும், ஆதார்ல வராது. டென்த் மார்க் ஷீட்டை அடிப்படையா வெச்சு மத்ததை அதுக்குத் தக்கன மாத்திக்குங்க. ஆதாரைத் திருத்தறது சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்தறது பெரும்பாடு.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல்னா இன்னொரு 2,000. தப்பா எடுத்துட்டா ரீ-இஷ்யூவுக்கு மறுபடியும் கட்டோணும். விலாசம் இப்பக் குடியிருக்கற எடமா இருக்கோணுங்க. திருப்பூர்ல லைன் வீட்டுல இருந்துக்கிட்டு ஊர் விலாசம் குடுத்தா, போலீஸ் விசாரிக்க வர்றப்ப ஆள் இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க.

திருப்பூரிலிருந்து

மேல சொன்ன அண்ணன் ஈசிஆரை விட்டுட்டாருங்க. சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்னு பாஸ்போர்ட்டுல இருக்கற குறிப்புதான் ஈசிஆர். பனியன் கம்பெனியில இருந்து ஜோர்டான் போறவங்களுக்கு அதுதான் முக்கியம். பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்டுல ஈசிஆர் விழும். அந்தப் பாஸ்போர்ட்டுல வளைகுடா நாடுகள், ஜோர்டான், மலேசியா மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போகோணும்னா வெளியுறவு அமைச்சகத்தோட இமைகிரேட் இணையதளம் வழியா அனுமதி எடுத்தாகணும். சிங்கப்பூர் அந்தப் பட்டியல்ல இல்லை.

நிறையப் பேருக்குத் தெரியாத வழி ஒண்ணு இருக்குங்க. பத்தாவது இல்லாமயே, அங்கீகாரமுள்ள ரெண்டு வருசத் தொழிற்பயிற்சி டிப்ளமோ முடிச்சவங்க, வருமான வரி கட்டறவங்க, 50 வயசு தாண்டினவங்க எல்லாரும் ஈசிஆர் இல்லாம வாங்கலாம். ஐடிஐ சர்டிபிகேட் பொட்டியில சும்மா கிடக்கும், பாஸ்போர்ட்டுல ஈசிஆர் இருக்கும். எடுத்துக் காட்டுங்க.

30 வயசு ஆகாத பொண்ணுங்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்டுல அந்த நாடுகளுக்கு அனுமதி கிடைக்காது. ‘விசிட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம் கண்ணு’ன்னு யாராவது சொன்னா, அந்த வீட்டுப் படியே மிதிக்காதீங்க. அனுமதி இல்லாமப் போனா ஒப்பந்தமும் பதிவாகாது, பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இருக்காது. ரெண்டு வருசத்துக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியுந்தான், விபத்துல உசுரு போனா வீட்டுக்கு 10 லட்சம். அதைப் போய் விட்டுக்குடுக்கலாமுங்களா?

கோவையிலிருந்து

டிகிரி இருக்கிறவர்கள் சான்றிதழ் அட்டெஸ்டேஷனை, அதாவது சான்றிதழ் உண்மை என்று அரசு முத்திரை வாங்குவதை, விசா வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். பாரதியார் பல்கலையோ அண்ணா பல்கலையோ, சான்றிதழ் உண்மைதான் என்பது உறுதியான பிறகுதான் சென்னையில் மாநில அரசின் முத்திரை, அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹேக் ஒப்பந்த நாடுகளுக்காக வெளியுறவு அமைச்சகம் போடும் முத்திரைதான் அபோஸ்டில், அது இருந்தால் தூதரக முத்திரை தேவையில்லை. ஓமன் அபோஸ்டிலை ஏற்கும். அமீரகத்துக்கு அது செல்லாது, தூதரக முத்திரை வேண்டும். ஜெர்மனி ஹேக் ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தியாவின் அபோஸ்டிலை ஏற்பதில்லை. எந்த நாடு என்று தீர்மானிக்காமல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அபோஸ்டில் போடுவது வீண் செலவு. அபோஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான், மீதி எல்லாம் இடையில் இருப்பவர்கள் வாங்குவது. சான்றிதழை லேமினேட் செய்திருந்தால் பிரிக்க வேண்டிவரும், எனவே தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக நினைக்கும் தங்கைகளுக்கு: அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பெரும்பாலும் பி2 நிலை கேட்கிறார்கள். அதற்கான கதே (Goethe) மொழித் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60. தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். முழுநேரமாக உட்கார்ந்தாலும் பி2 வரைக்கும் ஒரு வருடம் பிடிக்கும். ‘மூன்றே மாதத்தில் பி2’ என்ற போர்டைப் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள்.

சங்ககிரியிலிருந்து

டிரைவருங்களுக்கு ஒரு சேதி. ஆர்டிஓ ஆபீஸ்ல 1,000 ரூபாய் கட்டி வாங்கற சர்வதேச பெர்மிட் ஒரு வருசத்துக்குத்தான். அதை நம்பி கல்ஃபுல டிரெய்லர் ஓட்ட முடியாது, அந்த நாட்டு லைசென்ஸ் எடுத்தாகணும். அந்தச் செலவு கம்பெனியோடதா, சம்பளத்துல பிடிப்பாங்களான்னு கான்ட்ராக்ட்டுல எழுதி வாங்குங்க. பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சும் பாருங்க. அமீரகத்துல வேலையை முடிச்சு வர்றப்பக் குடுக்கற கிராஜுவிட்டி பேசிக்கை வெச்சுத்தான் கணக்கு, முதல் அஞ்சு வருசத்துல வருசத்துக்கு 21 நாள் சம்பளம். மொத்தத் தொகையைப் பெரிசாக் காட்டி பேசிக்கைக் குறைச்சிருந்தா, திரும்பி வர்றப்பத்தான் தெரியும்.

கடைசியா ஏஜென்ட். பதிவு எண் இமைகிரேட்ல இருக்கான்னு பேரோட ஒத்துப் பாருங்க. சட்டப்படி அவங்க வாங்கலாங்கற சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். பேங்க்ல போட்டு ரசீது வாங்குங்க. பேக்கரியில உக்காந்து டீ வாங்கிக் குடுத்து ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கேக்கறவங்ககிட்ட ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. கெளம்பற அன்னைக்குப் பாஸ்போர்ட், விசா, கான்ட்ராக்ட், காப்பீடு நாலுலயும் ஒவ்வொரு நகல் வீட்டுப் பீரோவுல இருக்கோணும். எந்தக் கம்பெனி, எந்த ஊருன்னு அம்மாவுக்கும் சொல்லத் தெரியோணும்.