ஆச்சி கொண்டுவந்த மக்ரூனும் எங்கள் வீட்டு ஓவனும்

முழு ஆண்டு லீவில் ஒருநாள். தூத்துக்குடியிலிருந்து ஆச்சி கொண்டுவந்த மக்ரூன் பாக்கெட்டின் அடியில் பொடி மட்டும்தான் மிச்சம். அதை விரலால் தொட்டுத் தின்றுகொண்டே மகள் கேட்டாள்: "அம்மா, இதை நாமளே செய்யலாமா?" அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்தரை. சரி என்றேன். அதிலிருந்து லீவு முடியும்வரை, வாரத்தில் இரண்டு நாள் எங்கள் மதுரை வீட்டு அடுக்களை மூன்று பேருக்கும் பொதுவாகிவிட்டது.

எடுத்த எடுப்பில் மக்ரூனில் இறங்கவில்லை. முதலில் தயிர் கேக். செய்முறையில் ஒரு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை என்று இருந்தது. மகள் சில்வர் டம்ளரில் மைதாவை அளந்தாள். தம்பி தன் பால் மக்கை எடுத்துச் சர்க்கரையை அளந்தான். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்று நானும் விட்டுவிட்டேன். ஓவனுக்குள் நன்றாக எழும்பிய கேக், வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் நடுவில் குழிவிழுந்து உட்கார்ந்துவிட்டது. சர்க்கரை கூடிப்போனால் மாவு இறுகி நிற்காது, அதுதான் காரணம். செய்முறைகளில் சொல்கிற கப் பெரும்பாலும் 240 மி.லி. நம் வீட்டு டம்ளர்களோ ஒன்று 150, ஒன்று 300 என்று இருக்கும்.

அடுத்த வாரமே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினோம். அது வந்ததும் சின்னவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. தராசின் மேல் கிண்ணத்தை வைத்துக் கரண்டியால் மைதாவைப் போடுவான். 188, 194, 199. பிறகு கரண்டியை வைத்துவிட்டு இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவான். 201 வந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுப்பான். 200 வந்தால்தான் கிண்ணத்தை நகர்த்த விடுவான். அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று அவன் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைகளோடு செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் மேலே செர்ரி வைக்கிற வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். எடை போடுவது, சலிப்பது, முட்டை உடைப்பது எல்லாம் அவர்கள் கையில் நடக்கட்டும். சூடு மட்டும் நம் பொறுப்பு. ஓவனுக்கு முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஓவன் எரியும்போதும், அணைத்து அரை மணி நேரம் வரைக்கும், அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. கண்ணாடிக் கதவின் சூடு பார்த்தால் தெரியாது இல்லையா.

அப்புறம் நெய் பிஸ்கட். மைதா 150 கிராம், கடலை மாவு 25, பொடித்த சர்க்கரை 80, நெய் 100, கொஞ்சம் ஏலக்காய்த் தூள், ஒரு சிட்டிகை உப்பு. மே மாத மதுரையில் நெய் உருகித்தான் கிடக்கும். அப்படியே பிசைந்தால் பிஸ்கட் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெய்யை ஃபிரிட்ஜில் வைத்து உறைய வைத்துக்கொண்டோம், உருட்டிய பிறகும் தட்டோடு இருபது நிமிடம் உள்ளே வைத்தோம். 160 டிகிரியில் 18 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், "வேகலம்மா" என்பார்கள். நம்பி மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

கடைசியாக மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான். இரண்டு முட்டையை மகள் அழகாகப் பிரித்துவிட்டாள். மூன்றாவது முட்டையின் மஞ்சள் கரு ஓட்டின் விளிம்பில் கிழிந்து ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்தது. ஒரு சொட்டுதானே என்று முட்டை அடிக்கிற பீட்டரைப் போட்டோம். பத்து நிமிடம் ஓடியும் சோப்புத் தண்ணீர் போல நுரைத்ததே தவிர, கெட்டியாகவில்லை. மஞ்சள் கருவில் இருக்கிற கொழுப்பு நுரையை நிற்க விடாது. அவள் அழுதுவிட்டாள். அன்று ராத்திரி எல்லோருக்கும் முட்டைப் பொடிமாஸ்.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு முட்டையையும் சின்னக் கிண்ணத்தில் பிரித்து, சுத்தமாக இருந்தால் மட்டும் பெரிய கிண்ணத்துக்கு மாற்றுவது. பேக்கரிக்காரர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. நுரை கட்டியாகும்வரை அடித்து, 150 கிராம் பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தோம். பதம் வந்ததா என்று பார்க்கக் கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்றேன். அவள் அதைத் தம்பியின் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். ஒரு துளிகூட விழவில்லை.

முந்திரி 150 கிராம். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து நுரையைக் கெடுத்துவிடும். நுரையில் முந்திரியைக் கிளறாமல் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்க வேண்டும். 110 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், அணைத்த பிறகும் உள்ளேயே விட்டுவிடுங்கள். எங்கள் மக்ரூன் கொஞ்சம் பழுப்பாகத்தான் வந்தது. ஆச்சிக்கு வீடியோவில் காட்டியபோது, "எனக்கு நாலு எடுத்து வைங்கட்டி" என்றார்கள்.

* * *

சகோதரி, உங்கள் மக்ரூன் கதையைப் படித்தேன். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. நானும் ஏழு வயது மகளும் குக்கரில்தான் கேக் செய்கிறோம். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் ஒரு இன்ச் உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, பத்து நிமிடம் சூடாக்கி, ஸ்டாண்டின் மேல் கேக் பாத்திரத்தை வைத்து மூடி, சிறு தீயில் 40 நிமிடம். தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். தயிரில் சமையல் சோடாவைப் போட்டதும் அது பொங்கி வருவதைப் பார்க்க அவளுக்கு ரொம்ப ஆசை. போட்டோம், பார்த்தோம், மாவையும் கலந்தாயிற்று. அடுப்பைப் பற்றவைத்தால் சிலிண்டர் காலி. மாற்று சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்து மாட்ட முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அன்று வந்தது கேக் இல்லை, கெட்டியான அடை. சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்த நொடியிலேயே காற்றை விட ஆரம்பித்துவிடும், நாம் வருகிற வரைக்கும் காத்திருக்காது. பேக்கிங் பவுடர் வேறு, அதில் ஒரு பங்கு வேலை சூடு பட்ட பிறகுதான் நடக்கும்.

இப்போதெல்லாம் அடுப்பு எரிந்து குக்கர் சூடான பிறகுதான் சோடா டப்பாவைத் திறக்க விடுகிறாள். "அப்பா, முதல்ல நெருப்பு" என்று அவளே சொல்லுவாள்.

கிண்ணத்தை வழித்து நக்குவது பற்றி யாரும் எழுதவில்லையே. முட்டை சேர்க்காத மாவாக இருந்தாலும் பச்சை மைதாவில் கிருமிகள் இருக்கலாம், வயிற்றுக்கு ஆகாது. நாங்கள் மாவு சேர்க்கும் முன்பே வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த கலவையில் ஒரு கரண்டி அவளுக்கென்று எடுத்து வைத்துவிடுவோம்.

* * *

மக்ரூன் என்று பார்த்ததும் நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கு முட்டை ஒவ்வாமை. சாப்பிட்டால் உதடு வீங்கிவிடும். பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டும்போது தட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரும் வெள்ளைக்கரு போலவே நுரைக்கும் என்று 2014-ல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். வெளிநாடுகளில் அதை அக்வாஃபாபா என்கிறார்கள். நான் கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போடாமல் வேகவைப்பேன். வடித்த தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதுதான் பதம். ஒரு வெள்ளைக்கருவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன். முட்டையைவிட அதிக நேரம் அடிக்க வேண்டும், எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

மகள் பாதி நேரம் பீட்டரைப் பிடித்திருந்தாள். பழுப்பு நிறத் தண்ணீர் வெள்ளையாகத் திரண்டு வந்ததும் பீட்டரை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இதுல முட்டையே இல்லதானே?" மூன்று தடவை கேட்டாள். கடலை வாசனை ஓவனில் போய்விடுகிறது. கடித்தால் தூத்துக்குடி மக்ரூனைவிடக் கொஞ்சம் லேசாக உடையும், மற்றபடி அதே இனிப்பு, அதே முந்திரி.

ஒரே சிரமம் சென்னை மழைக்காலம். டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து நசநசத்துவிடுகிறது. 100 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் மறுபடி வைத்து எடுத்தால் அன்றைக்குச் சரியாகிறது, மறுநாள் பழைய கதைதான். ஐப்பசி கார்த்திகையிலும் மொறுமொறுப்பாக வைக்கத் தெரிந்தவர்கள், குறிப்பாகத் தூத்துக்குடிக்காரர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். நவம்பரில் அவளுக்குப் பிறந்தநாள் வருகிறது. வகுப்புக்கு நாற்பது மக்ரூன் வேண்டுமாம்.