லோன் போடாம பி.ஈ. படிக்க முடியுமா? (வேலூர் பக்கம்)

குடியாத்தம்_பையன்:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிச்சிட்டேன், கட்-ஆஃப் 138. நைனா லுங்கி தறி ஓட்றாரு, அம்மா பீடி சுத்தறாங்க, வீட்ல யாரும் காலேஜ் போனதில்ல. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து மேனேஜ்மென்ட் சீட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தரேன், இப்போ அட்வான்ஸ் மட்டும் குடுங்க மீதிக்கு எஜுகேஷன் லோன் நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டு போயிருக்காரு. நைனா தலையாட்டிட்டாரு. 4 லட்சம் லோன்னாலே எனக்கு வயித்த கலக்குது. வேற வழி இருக்கா?

பாகாயம்_பஸ்:
தம்பி அட்வான்ஸ் குடுத்துடாத. அதே 4 லட்சத்த வாங்கி பாத்தவன் நானு. படிக்க சொல்லோ கட்ட வேணாம், முடிச்சி ஒரு வருஷம் கழிச்சி கட்டுனா போதும்னாங்க, அது நெஜம்தான், ஆனா வட்டி வாங்கின நாள்லருந்தே ஓடிட்டு இருந்திச்சி. இஎம்ஐ ஆரம்பிக்க சொல்லோ 5 லட்சத்த தாண்டிடுச்சி. மொத வேலைல வந்த சம்பளத்துல பாதி அதுக்கே போச்சி.
இன்னொண்ணு, மேனேஜ்மென்ட் சீட்டுன்னா முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது, கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5% ஒதுக்கீடும் கிடையாது, ரெண்டும் கவுன்சிலிங் சீட்டுக்குதான். இத ஏஜென்ட் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். ஆறாவதுலருந்தே கவர்மென்ட் ஸ்கூலா நீ? அப்டின்னா 7.5ல ட்யூஷன் பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் கவர்மென்டே கட்டும்.

குடியாத்தம்_பையன்:
எட்டாவது வரைக்கும் எய்டட் ஸ்கூலுண்ணா, தமிழ் மீடியம். ஒன்பதுலருந்துதான் கவர்மென்ட். போச்சா?

கே.வி.குப்பம்_அக்கா:
7.5 வராதுப்பா, என் தம்பிக்கும் இதே கததான், ஒரு நாள் பூரா அழுதான். ஆனா முதல் பட்டதாரி இருக்கே. இ-சேவைல இப்பவே அப்ளை பண்ணு, தாத்தா பாட்டி வரைக்கும் டிகிரி இருக்கான்னு விசாரிப்பாங்க, வி.ஏ.ஓ. கிட்ட நாலு தடவ நடக்கணும். பிரைவேட் காலேஜே வந்தாலும் கவுன்சிலிங் சீட்டுன்னா ட்யூஷன்ல வருஷம் 25 ஆயிரம் கழியும். சாய்ஸ்ல பாகாயம் தந்தை பெரியார் கவர்மென்ட் காலேஜ மறக்காம போடு, சிவில் வந்தா கூட மூஞ்ச தூக்காத. எய்டட் தமிழ் மீடியத்துக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல 1000 ரூபா மாசாமாசம் உண்டு, கை செலவுக்கு ஆவும்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர்:
இன்னாத்துக்கு எல்லாரும் பி.ஈ.லயே நிக்கறீங்க? தொரப்பாடி கவர்மென்ட் பாலிடெக்னிக்ல பிளஸ் டூ பசங்க நேரா ரெண்டாவது வருஷம் சேரலாம், பஸ் பாஸ் ஃப்ரீ. நான் அப்டி போயி ராணிப்பேட்டைல அப்ரண்டிஸ், ஸ்டைபண்டோட. அப்பால வேலைல இருந்துகிட்டே பாகாயத்துல பார்ட் டைம் பி.ஈ., மூணரை வருஷம், ஷிப்ட் முடிச்சி கிளாஸுக்கு போனா கண்ணு சொருகும். டிகிரி கைக்கு வர சொல்லோ 27 வயசு.

பாகாயம்_பஸ்:
அது தெம்பு இருக்கறவனுக்கு. மொதல்ல கவுன்சிலிங் பாக்கட்டும்ணா, கெடைக்கலன்னா டிப்ளமோ.

குடியாத்தம்_பையன்:
நைனா கிட்ட எல்லாத்தையும் படிச்சி காமிச்சேன். நாளைக்கு இ-சேவை போறோம். ஆனா ஏஜென்ட்டுக்கு ஏற்கனவே 5 ஆயிரம் குடுத்துட்டாராம்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர்:
ரசீது இருக்கா?

குடியாத்தம்_பையன்:
டைரில பேரு எழுதிக்கிட்டாருண்ணா, அவ்ளோதான்.