தொண்ணூறுகளின் சிறிய கன்வர்டிபிள்: மெட்ரோவா, எம்எக்ஸ்-5ஆ?

சாலைக்காற்று:

வணக்கம். கூரையைத் திறந்து ஓட்டும் சிறிய கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இந்த ஆண்டு வாங்கியே தீர்வது என்று இருக்கிறேன். தொண்ணூறுகளில் வந்த வண்டியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்களின் கச்சிதமான அளவு எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் மனைவியும் மட்டும்தான் என்பதால் இரண்டு இருக்கை போதும். வேலைக்குப் போய் வருவதும் இதில்தான், ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும். அதனால் மைலேஜ் முக்கியம். வண்டியை நிறுத்த மூடிய இடம் கிடையாது, மழையில்தான் நிற்கும்.

இப்போது இரண்டு வண்டிகள் பார்வையில் இருக்கின்றன. ஒன்று 1991 ஜியோ மெட்ரோ கன்வர்டிபிள், 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர். பெயிண்ட் மங்கிவிட்டது, உள்ளே இருக்கை உறை கிழிந்திருக்கிறது. மற்றது 1992 மாஸ்தா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். பெயிண்ட் புதிது, கூரையும் புதிது என்கிறார் விற்பவர், பளபளவென்று நிற்கிறது. மனம் மாஸ்தாவிடம் போகிறது, பெட்ரோல் கணக்கு மெட்ரோவைக் காட்டுகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது? கூரையைத் திறந்து ஓட்டினால் மைலேஜ் குறையுமா என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றுசிலிண்டர்:

மைலேஜ்தான் முதல் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெட்ரோதான். எடை ஏறத்தாழ 800 கிலோ, 993 சிசி, 55 குதிரைத்திறன். நன்றாகப் பராமரித்த வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தாராளமாகக் கொடுக்கும். நிதானமாக ஓட்டினால் அதற்கு மேலும் வரும். அடியில் இருப்பது சுசுகி கல்டஸ்தான், எளிமையான இயந்திரம். எம்எக்ஸ்-5 இல் 10 முதல் 12 வரை எதிர்பார்க்கலாம்.

இன்னும் சிறியது வேண்டுமானால் ஜப்பானின் 660 சிசி வகையில் ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சீனோ இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே 1991இல் வந்தவை. கப்புச்சீனோவின் கூரை மூன்று அலுமினியத் துண்டுகளாகக் கழன்று டிக்கிக்குள் போய்விடும், அதன் பிறகு டிக்கியில் வேறு எதற்கும் இடமிருக்காது. நீங்கள் உயரமானவர் என்றால் இந்த இரண்டையும் உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

துணிக்கூரை:

நண்பரே, உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தரும் வரி ஒன்று உண்டு. "பெயிண்ட் புதிது." முப்பது வயது கன்வர்டிபிளுக்கு விற்கும் நேரத்தில் பெயிண்ட் அடிப்பவர் எதையோ மூடுகிறாரா என்று பார்த்தாக வேண்டும். மங்கிய பெயிண்ட் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை.

முதலில் பெட்ரோல் கணக்கை முடித்துவிடுவோம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 என்றால் 375 லிட்டர். 11 என்றால் 545 லிட்டர். வித்தியாசம் ஆண்டுக்கு 170 லிட்டர். உங்கள் ஊர் விலையில் அது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். பிறகு நல்ல டிங்கரிங் பட்டறையில் இரு பக்கமும் கதவுக்குக் கீழே உள்ள ரன்னிங் போர்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மைலேஜுக்காக ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கத் தோன்றாது.

ஏன் அந்த இடத்தைச் சொல்கிறேன் என்றால், சாதாரணக் காரில் உறுதியில் பெரும்பங்கு கூரையில் இருக்கிறது. கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பாரமெல்லாம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிக்கும் தரைக்கும் போய்ச் சேரும். அது துருப்பிடித்தால் மற்றக் கார்களில் கூரையாவது ஓரளவு தாங்கும். கன்வர்டிபிளில் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்திருக்கிறதா என்று கதவே சொல்லும். கதவைத் திறந்து மூடும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கி விட்டால்தான் பூட்டில் விழுகிறதா? கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலான சந்து மேலே ஒரு அகலமும் கீழே ஒரு அகலமுமாக இருக்கிறதா? பின்சக்கரத்துக்கு முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கியபின் அந்தச் சந்து மாறுகிறதா? இவற்றைப் பார்த்த பிறகு பெயிண்டைப் பாருங்கள்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இல் துரு தொடங்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். துணிக்கூரையின் பின் அடிப்பாகத்தில் வழியும் மழைநீரை ஒரு நீளமான பிளாஸ்டிக் ஓடை பிடித்து, இருக்கை பெல்ட் கோபுரத்துக்கு (இருக்கைக்குப் பின்னால் பெல்ட்டைப் பிடித்திருக்கும் தூண்) பின்னால் இரு பக்கமும் இருக்கும் குழாய்க்குள் விடும். அந்தக் குழாய் வண்டிக்கு அடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேறுகிறது. இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே நின்று ரன்னிங் போர்டுக்குள் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளிருந்து தின்றுகொண்டே வந்து ஒருநாள் பெயிண்டில் கொப்புளமாகக் காட்டும். அதைத் தேய்த்துப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால், விற்கும்வரை தாங்கும்.

ஆகவே போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். விற்பவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். கூரையைப் பாதி திறந்து, பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் விரலை விட்டால் குழாயின் வாய் தட்டுப்படும். அதில் மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துக்கு முன்னால் தரையில் அந்த நொடியே சொளசொளவென்று கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. வரவே இல்லையென்றால் அந்த நீர் எங்கே போனது என்று இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பிறகு மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைச் சக்கர வளைவின் ஓரமாகத் தடவிக்கொண்டே போங்கள். பட்டி இருக்கும் இடத்தில் பிடி தளரும்.

மெட்ரோவுக்கும் தனி இடம் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கரம் தரையோடு சேரும் பகுதி துருப்பிடிக்கும். அது போனால் வண்டி நேராக நிற்காது, அப்படிப்பட்டதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கூரை திறப்பதைப் பற்றி. நகரத்து வேகத்தில் கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டினால் மைலேஜ் இறங்கும். அங்கே கூரையை மூடிக்கொள்ளுங்கள், காதும் பிழைக்கும். மாஸ்தாவின் பழைய வகைக் கூரையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. கூரையை மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். குளிரில் மடிக்கவே கூடாது, வெடித்துவிடும்.

ஸ்பானர்கட்டு:

துணிக்கூரை அண்ணன் பாடியைச் சொல்லிவிட்டார், நான் இன்ஜினைச் சொல்கிறேன். மெட்ரோவின் அந்த மூன்று சிலிண்டர் இன்ஜினில் இஜிஆர் வழி (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பாதை) கரியால் அடைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்ப்பது) செய்யாமல் வாங்காதீர்கள். மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பழுது பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். மூன்றில் ஒன்று சரியில்லாத இன்ஜின் குடிக்கிற பெட்ரோலுக்கு மாஸ்தாவே மேல்.

எம்எக்ஸ்-5 இல் 1991 வரையிலான ஆரம்பகால 1.6 இன்ஜின்களில் கிராங்க் தண்டின் முன்முனை (பெல்ட்டை ஓட்டும் புல்லி மாட்டும் இடம்) குட்டை. புல்லியை நழுவாமல் பிடிக்கும் சிறு கட்டை உட்காரும் காடி தேய்ந்து புல்லி ஆடும். 1992 வண்டியில் நீள முனைதான் இருக்க வேண்டும், ஆனால் இடையில் யாராவது இன்ஜினை மாற்றியிருக்கலாம். முன்னாலிருந்து புல்லியைப் பாருங்கள்: நான்கு பிளவு என்றால் குட்டை, எட்டு என்றால் நீளம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். ரசீது இல்லையென்றால் வாங்கியவுடன் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

மழைநாள்:

ஒரே ஒரு விஷயம். இந்த இரண்டிலும் கம்பெனியிலிருந்து வரும்போது உருளுதடுப்புக் கம்பி (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு) கிடையாது. தினமும் மனைவியோடு போகும் வண்டி என்கிறீர்கள். எம்எக்ஸ்-5க்குத் தரமான கம்பிகள் தனியாகக் கிடைக்கின்றன. பொருத்திய பிறகு கம்பியின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு ஒரு துடைப்பக் கழியை வைத்துப் பாருங்கள். இருவர் தலையும் கழிக்குக் கீழே இருக்க வேண்டும்.

சாலைக்காற்று:

அனைவருக்கும் நன்றி. இரண்டு வண்டிகளையும் பார்த்துவிட்டேன்.

மெட்ரோவில் கம்ப்ரஷன் மூன்றிலும் சரியாக இருந்தது. ஆனால் அடியில் படுத்துப் பார்த்தபோது வலது முன்பக்கம் கீழ்க்கரம் சேரும் இடத்தில் தகடு இலைபோல் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போய்விட்டது.

மாஸ்தாவில் இடது பக்கம் ஊற்றிய தண்ணீர் உடனே கொட்டியது. வலது பக்கம் வரவே இல்லை. விரிப்பைத் தூக்கினால் அடியிலிருக்கும் மெத்தை ஈரம். காந்தம் இரு பக்கமும் நன்றாகப் பிடிக்கிறது, கதவு சீராக விழுகிறது, புல்லியில் எட்டுப் பிளவு. விற்பவர் நல்லவராகத்தான் தெரிகிறார், குழாய் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். என்ன செய்யலாம் ஐயா?

துணிக்கூரை:

மெட்ரோவை மறந்துவிடுங்கள்.

மாஸ்தாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் இளகியது. காந்தம் பிடித்து, கதவும் நேராக விழுகிறது என்றால், அடைப்பு அண்மையில் ஏற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வெளித்தகடு நன்றாக இருப்பது பாதிதான். வெளித்தகட்டை யாராவது புதிதாக வைத்து உள்தகட்டை அப்படியே விட்டிருக்கலாம். வலது கதவைத் திறந்து வாசல்படி மேலுள்ள பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், சில திருகுகள்தான். உள்பக்கம் தரைவிரிப்பு ஓரத்தையும் மடித்து விரலால் தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். கெட்டித் தகடு ஒரே சத்தம் கொடுக்கும். நொறநொறவென்று கேட்டால் உள்ளே துருத்தூள் கிடக்கிறது. கைபேசியில் பொருத்தும் சின்ன வயர் கேமரா யாரிடமாவது இருந்தால், ரன்னிங் போர்டின் அடித்துளை வழியாக விட்டு உள்ளேயே பார்த்துவிடலாம்; அதைவிட உறுதியான சாட்சி கிடையாது.

உள்ளே மேல்பரப்புத் துரு மட்டும் என்றால் வாங்குங்கள். குழாயைக் கம்பியால் குத்தாதீர்கள், கிழிந்தால் நீர் நேரே உள்ளே இறங்கும். புல்வெட்டும் இயந்திரத்தில் வரும் தடித்த நைலான் நரம்பைக் கீழிருந்து மெல்லச் சுழற்றி ஏற்றுங்கள், மேலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். மெத்தையை வெளியே எடுத்து நன்றாகக் காயவைத்த பிறகே திருப்பிப் போட வேண்டும். ரன்னிங் போர்டின் உள்ளே முழுவதும் உலர்ந்ததும் துருத்தடுப்பு மெழுகு அடித்துவிடுங்கள். அதன்பின் இலையுதிரும் காலத்தில் மட்டும் அடிக்கடி அந்தக் குழாய்வாயைத் துடைத்தால் போதும். மழையில் நிற்கும் வண்டிக்கு இது கட்டாயம்.

உதிரிபாகம் பற்றிக் கவலை வேண்டாம். எம்எக்ஸ்-5 எல்லாத் தலைமுறையும் சேர்த்து 2016இல் பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டி. முதல் தலைமுறைக்கான துணிக்கூரை உட்படச் சில பாகங்களை மாஸ்தாவே 2017இல் அறிவித்து மறுபடி செய்யத் தொடங்கியது. இத்தனை வயதான வண்டிக்கு அதைத் தயாரித்தவர்களே திரும்பி வந்து பாகம் செய்து கொடுப்பது எல்லா வண்டிக்கும் வாய்க்காது.

நொறநொறச் சத்தம் கேட்டால் மட்டும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எவ்வளவு விலை குறைத்தாலும் சரி.

சாலைக்காற்று:

சனிக்கிழமை பட்டையைக் கழற்ற விற்பவர் சம்மதித்திருக்கிறார். கேமரா வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரும் உடன் வருகிறார். பார்த்துவிட்டு இங்கேயே படத்தோடு எழுதுகிறேன்.