குடும்பக் குழு: நாம் எப்போது சென்னை ஆனோம்?

சித்தி: தக்கோலம் ரோட்டில் புதிதாக ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். "சென்னைப் பெருநகர எல்லைக்குள் வீட்டுமனைகள்" என்று. நாம் எப்போது சென்னை ஆனோம்?

அண்ணன்: 2022 அக்டோபரிலேயே சித்தி. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 ஆக்கி அரசாணை போட்டார்கள். அதில் அரக்கோணம் பக்கமும் வந்துவிட்டது.

சித்தி: அப்போ நூறு நாள் வேலை போய்விடுமா? வீட்டு வரி ஏறுமா? பால் சொசைட்டியில் இதே பேச்சுதான்.

அண்ணன்: அது ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்தால்தான். இது வேறு. தலைவர், கிராம சபை எல்லாம் அப்படியே இருக்கும். எந்த நிலம் பயிருக்கு, எது வீட்டுக்கு, எது கம்பெனிக்கு என்று முடிவு செய்வது மட்டும் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கைக்குப் போகும்.

பெரியப்பா: அந்த "மட்டும்"தான் எல்லாமே.

பெரியப்பா: கேசாவரம் அணைக்கட்டில்தான் கொசஸ்தலை ஆறும் கூவமும் பிரிகின்றன. கொசஸ்தலைத் தண்ணீர் நேரே பூண்டிக்கு. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியது 1944இல். நம் தண்ணீர் சென்னைக்குப் போய் எண்பது வருஷம் ஆகிறது. ஊர் இப்போதுதான் போகிறது.

தங்கச்சி: கூவம் நம் ஊரிலிருந்தா வருகிறது? ஹாஸ்டலில் மூச்சு விடமாட்டேன் 😂

சித்தப்பா: விடியற்காலை ரயிலில் கீரை ஏற்றிப் போய், மீந்ததை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறேன். பெருநகரம் என்றால் அரக்கோணத்தில் ஒரு குளிர்கிடங்கு கட்டச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பெரியப்பா: அதுவும் கேட்போம். என் கவலை வேறு. சிஎம்டிஏ வரைபடத்தில் ஏரியை நீலமாகப் போட்டுவிடுவார்கள். ஏரிக்கு வரும் கால்வாய்? பாதி தூர்ந்து கிடக்கிறது, பார்த்தால் வெறும் மேடு. அதை மனை போட்டால் ஏரிக்கு வரத்து நின்றுவிடும். மழை வலுத்தால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகும்.

அண்ணன்: 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாக வேண்டும். கால்வாயின் சர்வே நம்பரோடு எழுதிக் கொடுக்கலாம்.

பெரியப்பா: சர்வே நம்பர் எல்லாம் இருக்கும் கிராம நிலப் பதிவேடு, அ-பதிவேடு, அதன் நகல் பீரோவில் இருக்கிறது.

அண்ணன்: போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

சித்தி: அவருக்கு எடுக்கத் தெரிந்தால்தானே. சாயங்காலம் போய் நானே எடுத்து அனுப்புகிறேன். அந்த போர்டு நட்டிருப்பதே கால்வாய்க்குள்தான் என்று நினைக்கிறேன், அதையும் ஒரு படம் எடுக்கிறேன்.