எழுத்து விசைகள் கொண்ட கைபேசிக்குக் கலைச்சொல்

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கைபேசிகளின் வரலாறு குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் ரிச்சி தெருக் கடைகளில் ‘குவெர்ட்டி போன்’ என்று கேட்டு வாங்கினோமே: சிறிய திரை, கீழே முழு விசைப்பலகை, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலை. அந்த வகைக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘விசைப்பேசி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பொருந்துமா?

பெரம்பூரிலிருந்து

மடல் 2

ஐயா, வணக்கம்.

‘விசைப்பேசி’ சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் சென்னைவாசிக்குக் காசிமேட்டு விசைப்படகுதான் முதலில் நினைவுக்கு வரும். விசைப்படகு, விசைத்தறி ஆகியவற்றில் விசை என்பது இயந்திர ஆற்றல். விசைப்பலகையில்தான் அது விரலால் அழுத்துவது. ‘பலகை’யை நீக்கியதும் பொருளும் கூடவே போய்விடுகிறது. ‘பொத்தான் பேசி’ என்றும் சொல்ல முடியாது. ‘பட்டன் போன்’ என்ற பெயரை எண் பொத்தான்கள் மட்டும் உள்ள சாதாரணப் பேசிக்குக் கடைக்காரர்கள் என்றோ பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கருவி எதில் வேறுபட்டது என்று பார்த்தால் சொல் கிடைக்கும். 2009இல் வந்த பிளாக்பெர்ரி கர்வ் 8520இன் திரை 2.46 அங்குலம்தான். 3ஜி கிடையாது, கேமரா 2 மெகாபிக்சல். ஆனாலும் இளைஞர்கள் அதை விரும்பினார்கள் என்றால் காரணம் அந்த விசைகள். பார்க்காமலே அடிக்கலாம். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் பதில் எழுதிவிடலாம். மே மாத வியர்வையிலும் ஐப்பசி மழையிலும் தொடுதிரை தடுமாறும். ஈர விரலைப் பற்றி விசைக்குக் கவலை இல்லை. இன்னொன்று பலர் கவனிக்காதது: தொடுதிரையில் எழுதத் தொடங்கினால் பாதித் திரையை விசைப்பலகை விழுங்கிவிடும். இதில் எழுதும்போதும் திரை முழுவதும் நம்முடையது.

ஆனால் அந்த ‘முழுவதும்’ எவ்வளவு? 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய் புரோவில் 2.6 அங்குலம், அதுவும் படுக்கைவாட்டில். நெட்டுத் திரைக்காக எழுதப்பட்ட செயலிகள் அதில் நெருக்கியடித்து நின்றன; நான்கு வரி படிக்க ஒருமுறை தள்ள வேண்டும். திரையைப் பெரிதாக்க விசைகளை அடியில் ஒளித்த சோனி எரிக்சன் எக்ஸ்பீரியா மினி புரோ 18 மில்லிமீட்டர் தடிமனாகிவிட்டது. சட்டைப் பை தொங்கும்.

நம்மைப் பொறுத்தவரை பெரிய குறை வேறு. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் உயிர் 12, மெய் 18, புள்ளிக்கு ஒன்று என 31 விசைகள் தேவை. ஆங்கில எழுத்துக்கான விசைகளோ 26. மீதமுள்ள ந, ய, ச, ஞ, ழ ஐந்தும் மேசைக் கணினியில் வலப்புற நிறுத்தற்குறி விசைகளில் குடியிருக்கின்றன. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு அந்த அமைப்பைப் பரிந்துரைத்தபோது எல்லோர் கண்ணிலும் இருந்தது கணினிதான். இந்தச் சின்னப் பேசிகள் பெரும்பாலானவற்றில் எல்லா நிறுத்தற்குறிகளுக்கும் தனி விசை இல்லை. பல குறிகள் எழுத்து விசைகளின் தலையிலேயே ஏறிவிட்டன. ஆகவே தமிழ்99ஐ அப்படியே அதில் இறக்கினால் ‘தமிழ்’ என்ற சொல்லின் ழகரத்துக்கே இடமில்லை. ரோமன் எழுத்தில் அடித்துத் தமிழாக்குவோருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடுதிரை என்றால் மொழிக்கேற்பப் பலகையை மாற்றிக்கொள்ளும். இங்கே ஆலையில் அச்சிட்டது அச்சிட்டதுதான்.

ஆக, இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: எழுத்துக்கென்று நிலையான விசை. என் பரிந்துரை ‘எழுத்துவிசைப்பேசி’. சாதாரணப் பேசியை ‘எண்விசைப்பேசி’ என்று பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சிறியது என்பதற்குக் ‘கையடக்க’ போதும். விலையைக் கலைச்சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம். தேவைப்பட்ட இடத்தில் ‘சிக்கன விலை’ என்று எழுதுங்கள். ‘மலிவு’ என்றால் தரமும் குறைவு என்று ஆகிவிடும். ‘பட்ஜெட்’ என்றால் நிதியமைச்சர் வந்துவிடுவார்.

மயிலாப்பூரிலிருந்து

மடல் 3

ஐயா, விளக்கம் நன்று, சொல்தான் நீளம். வாயில் நுழைவதற்குள் பேசியே பழசாகிவிடும். தட்டச்சுப் பயிலகம் இல்லாத ஊர் உண்டா? ‘தட்டச்சுப்பேசி’ என்றால் யாருக்கும் புரியுமே!

தாம்பரத்திலிருந்து

மடல் 4

அம்மா, வணக்கம். எண்ணிப் பார்த்தேன். தங்கள் சொல்லில் எட்டு எழுத்து, என்னுடையதில் ஒன்பது. மிச்சம் ஒன்றுதான். தொடுதிரையில் அடிப்பதையும் தட்டச்சு என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்? அப்படியானால் இன்றைய எல்லாத் திறன்பேசியும் தட்டச்சுப்பேசிதான். வேறுபடுத்தத்தான் சொல் கேட்கிறார் பெரம்பூர் ஐயா. ஆனாலும் பேச்சில் தங்கள் சொல்லே முந்தும் என்று தோன்றுகிறது. கட்டுரையில் முதல் முறை இரண்டையும் கொடுத்துவிட்டு, பிறகு எழுத்துவிசைப்பேசி என்று தொடரலாம்.

விசைகள் அடியிலிருந்து வெளியே வரும் வகைக்கு ‘இழுப்புப்பலகைப் பேசி’ என்று எழுதிப் பார்த்தேன். பீரோ இழுப்பறை மாதிரி ஒலிக்கிறது. அதற்கு வேறு யாராவது சொல்லுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து