மிதக்கும் ஷாட்கி திட்டு வைத்த மின்புல உணரி: சிக்னல் ஏன் நிற்பதில்லை?

கேள்வி
அரைக்காப்பு காலியம் ஆர்சனைடு தளத்தின் மேல் 125 நானோமீட்டர் என்-வகை அடுக்கு, மாசூட்டல் (கடத்த வைக்கக் கலந்த அணுக்களின் அடர்த்தி) 4×10¹⁷/செ.மீ³. நடுவில் 20×20 மைக்ரோமீட்டர் டைட்டானியம்/தங்கத் திட்டு, எதனோடும் இணைக்கவில்லை. சுற்றி நான்கு ஓமிக் தொடர்புகள் (இரு திசையிலும் தடையின்றிக் கடத்தும் உலோக இணைப்புகள்). 1 மி.மீ. உயரத்தில் உள்ள தகட்டுக்கு 100 வோல்ட் கொடுத்தால் நான்முனை மின்தடை (இரு முனையில் மின்னோட்டம் செலுத்தி மற்ற இரண்டில் மின்னழுத்தம் அளப்பது) லேசாகத் துள்ளி, அரை நொடிக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மேசை விளக்கைப் போட்டால் அந்தத் துள்ளலும் இல்லை. எல்லா உலோகமும் படிந்த பிறகு 420 டிகிரியில் சூடாக்கிய இன்னொரு சில்லில் ஒன்றுமே தெரியவில்லை. கோளாறு எங்கே?

பதில் 1
முதல் சில்லில் கோளாறே இல்லை. திட்டுக்கு அடியில் உள்ள ஷாட்கி சந்தி, அதாவது உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடம், கசிகிறது. புலம் வந்ததும் சந்திக்கு அடியில் எலக்ட்ரான்கள் விலகிய இயக்கமில்லாப் பகுதியின் அகலம் மாறும். கசிவு அதை மெல்லச் சமன்செய்துவிடும். எலக்ட்ரான்கள் சந்தியைத் தாண்ட ஏற வேண்டிய ஆற்றல் அரண் 0.8 எலக்ட்ரான்வோல்ட் என்றால், சுழிச் சார்பில் (வெளி மின்னழுத்தம் இல்லாதபோது) சந்தியின் தடை சுமார் 2.4×10¹¹ ஓம், மின்தேக்குத்திறன் 0.9 பிக்கோஃபாரட், பெருக்கினால் 0.2 நொடி. திட்டைப் பெரிதாக்கிப் பயனில்லை, ஒன்று குறைய மற்றது கூடும். அரண் 60 மில்லி எலக்ட்ரான்வோல்ட் இறங்கினால் நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

870 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளி எதுவும் சந்தியை வேகமாகக் கசியவைக்கும். இருட்டுப் பெட்டி கட்டாயம்.

இரண்டாவது சில்லு போனதுதான். ஓமிக் உலோகத்தை முதலில் சூடாக்கி முடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீரும் சம அளவு கலந்ததில் அரை நிமிடம் முக்கி ஆக்சைடை நீக்கி, கடைசியாகத்தான் டைட்டானியம் படியவைக்க வேண்டும். 420 டிகிரி பட்ட டைட்டானியம்/தங்கத்தில் அரணை எதிர்பார்க்காதீர்கள்.

பதில் 2
சிக்னல் அளவையும் பாருங்கள். உங்கள் புலம் 10⁵ வோல்ட்/மீ. சந்தியில் மாற்றம் வெறும் 0.4 மில்லிவோல்ட், மின்தடையில் 0.02 விழுக்காடு அளவு. அடுக்கை அரித்தெடுத்த இடத்தில் 2×2 மி.மீ. உலோகத் தகடு போட்டுத் திட்டோடு இணையுங்கள். தளம் 350 மைக்ரோமீட்டர், அடிப்பக்கம் தரையிணைப்பு என்றால் கூடுதலாக 1.3 பிக்கோஃபாரட்தான். அப்போது மேல்தகட்டுக்கு 1 வோல்ட் கொடுத்தாலே சந்தியில் 16 மில்லிவோல்ட் வரும். 100 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், சந்தி முன்னோக்கிக் கடத்திவிடும். திட்டில் ஆய்வுமுனை வைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளே 100 பிக்கோஃபாரட் அளவு, சிக்னல் அதிலேயே கரைந்துவிடும்.

கேட்டவர்
நன்றி. புலத்தை 137 ஹெர்ட்ஸில் மாற்றி லாக்-இன்னில் (ஒரே அதிர்வெண்ணை மட்டும் பிரித்தளக்கும் பெருக்கியில்) பார்த்தேன், சிக்னல் நிற்கிறது. ஆனால் சில்லுக்கான மின்னோட்டத்தை நிறுத்தினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கிறதே?

பதில் 1
அது தகட்டிலிருந்து கம்பிகளுக்கு நேராகத் தாவும் மின்னழுத்தம். மின்தடை மாற்றத்தை மட்டும் பிரித்தெடுக்க, சில்லுக்கு 1013 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் கொடுத்து இரண்டின் வித்தியாசமான 876 ஹெர்ட்ஸில் அளவிடுங்கள். கூட்டலான 1150 ஹெர்ட்ஸும் சரிதானே என்று தோன்றும்; அது 50-இன் 23-ஆம் மடங்கு, மின்வழங்கல் இரைச்சல் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மின்னோட்டத்தை நிறுத்தியதும் 876-இல் சுழி வந்தால், நேரடித் தாவல் அங்கே இல்லை என்று மட்டுமே பொருள். லாக்-இன்னின் உள்ளீடு நிரம்பி வழிந்தால் 137-உம் 1013-உம் அதற்குள்ளேயே கலந்து 876-இல் போலி சிக்னல் தரும், மின்னோட்டத்தை நிறுத்தினால் அதுவும் மறைந்துவிடும்: உணர்திறன் வரம்பை ஒரு படி தளர்த்தியும் அளவு மாறாவிட்டால்தான் அது உணரியின் சிக்னல்.