மறு: கறிக்கோழித் தீவனத்துல ‘ஃபைபர்’ – நார்ச்சத்துன்னே விட்டுடலாமா?

ஐயா, குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

கறிக்கோழித் தீவனக் கையேட்டுல ‘ஃபைபரு’க்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கிறதுங்கிற இந்த இழை நீண்டுட்டே போகுது, நான் இவ்ளோ நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். பல்லடம் பக்கம் ஒரு தீவன மில்லுல ஃபார்முலா போடுற வேலை என்னுது, அதனால வேர்ச்சொல் ஆராய்ச்சியை உங்ககிட்டயே விட்டுட்டு தீவனப் பக்கத்துல இருந்து பேசுறேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல்ல பதில் போடுறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

> டயட்டரி ஃபைபருக்கு நார்ச்சத்துன்னு ஊரே சொல்லுது. கோழிக்குன்னு தனியா ஒரு சொல் எதுக்கு?

மனுசங்களுக்கு ஊர் சொல்றது சரிதாங்க ஐயா, அதை மாத்தச் சொல்லி யாரும் கேக்கலை. அந்தப் பேரே மனுசச் சாப்பாட்டுல பொறந்ததுதான், 1953ல ஹிப்ஸ்லி எழுதுனது, அப்புறம் 1970கள்ல ட்ரோவெல், பர்கிட்னு ஆப்பிரிக்காவுல வேலை பார்த்த டாக்டருங்க மலச்சிக்கல், சுகர், கொழுப்பு இதுக்கெல்லாத்துக்கும் நாருக்கும் என்ன சம்பந்தம்னு பேசப் பேச அது ஒரு நல்ல பேராவே ஆகிப்போச்சு. நாமளும் பின்னாடி ஒரு ‘சத்து’ ஒட்டிட்டோம். கறிக்கோழிக்கு கணக்கே வேற. 40 நாள் சுத்தி ரெண்டு கிலோவைத் தாண்டணும், தின்ன தீவனம் சில மணி நேரத்துல வெளிய வந்துடும், மாடு மாதிரி உக்காந்து நொதிக்க வைக்க நேரமும் இல்லை இடமும் இல்லை. குருட்டுக்குடல்ல கொஞ்சம் நொதிக்குது, ஆனா அதுக்குள்ள போறதே கரைஞ்சதும் ரொம்பப் பொடியானதும் மட்டும்தான். அதனால நார்ல இருந்து கோழிக்கு கிடைக்கிற எனர்ஜின்னு பார்த்தா சொல்லிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லை.

இப்ப மூட்டையைப் பாருங்க. குஞ்சு வயசுக்குத் தக்க போடுற ப்ரீ-ஸ்டார்டரோ, ஸ்டார்டரோ, ஃபினிஷரோ, கச்சா நார் (க்ரூட் ஃபைபர், லேப் டெஸ்ட்டுல வர்ற அளவு) 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னுதான் பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சொல்லுது. அது மேல்வரம்பு. அதை ‘நார்ச்சத்து 5%’னு தமிழ்ல அச்சடிச்சா பண்ணைக்காரர் என்ன நினைப்பார், புரதச்சத்து மாதிரி இதுவும் கூடக்கூட நல்லது போலன்னு நினைப்பார். இது கற்பனை இல்லைங்க, இந்தக் கேள்வியை நான் நேர்லயே கேட்டிருக்கேன், “உங்க தீவனத்துல நார்ச்சத்து கம்மியா இருக்கே, பக்கத்து கம்பெனியில கூட இருக்கே”ன்னு. அதனால தீவனக் கையேட்டுல ‘சத்து’ வேண்டாம்ங்கிறது என் முதல் ஓட்டு.

> அப்ப வெறும் ‘நார்’னு போட்டா முடிஞ்சது இல்லையா?

முடியாதுங்க மேடம், சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது. நார்னு ஒரே பேர்ல நாம கூப்பிடுறது கோழி வயித்துக்குள்ள ரெண்டு எதிரெதிர் வேலை செய்யுது.

மொத வகை கரைஞ்சு கொழகொழன்னு ஆகுறது. கோதுமை, பார்லி, ரை இதுல எல்லாம் இது ஜாஸ்தி, அராபினோசைலான், பீட்டா குளுக்கான்னு பேரு. வெண்டைக்காயை நறுக்கித் தண்ணியில போட்டா தண்ணி எப்படி ஆகுமோ குடல்ல இருக்கிற கலவை அப்படி ஆயிடுது, நொதிங்க தீவனத்துக்குள்ள நுழைய முடியலை, கொழுப்பு செரிமானம் தான் முதல்ல அடி வாங்குது, எச்சம் ஒட்டுது, கூளம் (ஷெட்டுத் தரையில பரப்புறது) நனையுது, அம்மோனியா வாடை, கால்ல புண்ணு. ஆஸ்திரேலியாவுல சோக்ட், அன்னிசன் ரெண்டு பேரும் 1990 வாக்குல கோதுமையில இருந்து இந்தப் பொருளைத் தனியா பிரிச்செடுத்து சோளத் தீவனத்துல கலந்து பார்த்தாங்க, கலக்கக் கலக்க வளர்ச்சி குறைஞ்சுது. அதுக்கப்புறம்தான் சைலனேஸ் (அராபினோசைலானை உடைக்கிற நொதி) போடாம கோதுமைத் தீவனம் கிடையாதுங்கிற நிலைமை வந்துச்சு. நம்ம ஊர்ல மக்காச்சோளம்-சோயாதான் அடிப்படைங்கிறதால இந்தத் தொல்லை கம்மி (இங்க கூளம் நனைஞ்சா நான் முதல்ல தண்ணி நிப்பிளையும் தீவன உப்பையும் காக்சின்னு சொல்ற குடல் ஒட்டுண்ணி நோயையும்தான் பார்ப்பேன், உடனே நார் மேல பழி போட மாட்டேன்). ஆனா சோயா விலை ஏறினா மில்லுங்க வேற பக்கம் கை நீட்டும், அப்ப குவார் மீல் உள்ள வரும். குவார்னா வேற ஒண்ணும் இல்லை, நம்ம கொத்தவரைதான், விதையில இருந்து பிசினை எடுத்தது போக மிச்சம் வர்றது. அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற கொஞ்சம் பிசினே போதும், எச்சத்தை மிதிச்சா செருப்போட வரும்.

ரெண்டாவது வகை இதுக்கு நேர் எதிர். கரையாது, கரடா இருக்கும், உமி, தோடு, சக்கை மாதிரி. ரொம்ப நாளா இதை வெறும் ஃபில்லர்னு, இடத்தை அடைக்கிற குப்பைன்னுதான் எங்க படிப்புலயே சொல்லிக் கொடுத்தாங்க. நார்வேயில ஹெட்லேண்ட், ஸ்விஹுஸ், ஸ்பெயின்ல மதேயோஸ் குழுன்னு 2000த்துக்கு அப்புறம் வந்த வேலைங்க அந்தக் கதையைத் திருப்பிப் போட்டுச்சு. தீவனத்துல ஒரு 2-3 சதவீதம் ஓட் உமி (ஓட்ஸ் தானியத்தோட உமி) சேர்த்தா அரைவைப்பை (கிஸார்ட், தின்னதை அரைக்கிற தசைப்பை) பெருசாகுது, தசை கெட்டியாகுது, தீவனம் அங்க கூடுதல் நேரம் நிக்குது, அமிலம் நல்லா ஏறி பி.ஹெச் இறங்குது. அரைவைப்பை சுருங்கிச் சுருங்கி வேலை செய்யுறப்ப கலவை முன்னிரைப்பைக்கு (அதுக்கு முன்னாடி இருக்கிற, அமிலம் சுரக்கிற பை) திரும்பப் போகும், சிறுகுடலோட ஆரம்பத்துல இருந்தும் மேல எதிர்த்து வரும், அந்த முன்பின் ஓட்டம்தான் நொதியையும் தீவனத்தையும் பிசையுது. மாவா அரைச்சு பெல்லட் போட்டுத் தின்னு தின்னு வளர்ந்த கோழியை அறுத்துப் பாருங்க, அரைவைப்பை சின்னதா தொளதொளன்னு இருக்கும், முன்னிரைப்பை உப்பிப்போயிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல எல்லையே சரியா தெரியாது. வேலை இல்லாத தசை வேற எப்படி இருக்கும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்பெயின்ல செஞ்ச ஒப்பீடு, ஓட் உமியும் சர்க்கரை பீட் சக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு. ரெண்டுமே பட்டியல்ல ‘நார்’தான். ஓட் உமி தின்னதுக்கு அரைவைப்பை நல்லா வேலை செஞ்சு செரிமானம் கூடுச்சு. பீட் சக்கை தண்ணியை இழுத்து உப்பிக்கும், குடலே கனத்துப்போய் தீவனம் எடுக்கிறது குறைஞ்சுது. ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள அடைச்சா கையேட்டுல எழுதுற வாக்கியம் பொய்யாயிடும், ‘நார் சேர்த்தால் வளர்ச்சி கூடும்’னாலும் பொய், ‘குறையும்’னாலும் பொய்.

> கரையும் நார், கரையா நார் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இருக்கு, மனுச ஊட்டச்சத்துப் புத்தகத்துல போதும். இங்க பத்தலை அண்ணா, ஏன்னா கரையறது எல்லாம் கொழகொழப்பு ஆகாது, சோயாவுல இருக்கிற ராஃபினோஸ் மாதிரி சின்னச் சர்க்கரைங்களையும் சிலர் இந்தக் கணக்குல சேர்ப்பாங்க, அதெல்லாம் கரையும், ஆனா ஒட்டாது. இன்னொரு பக்கம் கரையாததை எல்லாம் அரைவைப்பைக்கு வேலை கொடுக்கிறதுன்னும் சொல்ல முடியாது. அதே உமியை பவுடரா அரைச்சுப் போட்டா பொருள் அதேதான், கரையாமத்தான் இருக்கும், ஆனா அரைவைப்பை அதைக் கண்டுக்காம கீழ அனுப்பிடும். துணுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ வந்தாத்தான் அது வழி விடும், அதுக்கு மேல இருந்தாத்தான் நிறுத்தி வெச்சு அரைக்கும். ஆக கரையாமை, கெட்டித்தன்மை, துணுக்கோட அளவு மூணும் சேர்ந்ததுக்குத்தான் இங்கிலீஷ்ல ஸ்ட்ரக்சரல் ஃபைபர்னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. ‘கட்டமைப்பு நார்’னு ஒருத்தர் போன வாரம் போட்டிருந்தார், மன்னிக்கணும், அதைக் கேட்டா எனக்கு பில்டிங்தான் ஞாபகம் வருது.

என் யோசனை ரெண்டு சொல்.

கொழகொழக்கிறதுக்கு பிசுநார். பிசுபிசுப்புல இருந்து வர்றது, பண்ணையில எச்சம் பிசுபிசுன்னு இருக்குன்னு அவங்களே சொல்ற வார்த்தை. ‘பாகுநார்’னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, விஸ்காசிட்டிக்கு பாகியல்னு புத்தகத்துல இருக்கிறதால அது அறிவியல் பக்கம் பொருத்தம்தான், ஆனா பாகுன்னா நம்மாளுக்கு இனிப்பு, வெல்லப்பாகு. அது வேண்டாமே.

அரைவைப்பைக்கு வேலை கொடுக்கிறதுக்கு திப்பிநார். தேங்காய் திப்பி, சாறு பிழிஞ்ச திப்பின்னு எல்லா வீட்டுலயும் பொழங்குறது, வாயில போட்டா மெல்ல வேண்டியிருக்கும், கரையாது, நொறுநொறுன்னு தட்டுப்படும். இந்த நாரோட குணம் மொத்தமும் அந்த ஒரு சொல்லுல இருக்கு.

> திப்பி என்பது கழிவைக் குறிக்கும். பயனுள்ள ஒன்றுக்குக் கழிவின் பெயரா?

ஐயா இந்த எதிர்ப்பு வரும்னு தெரியும். ஆனா உண்மையிலயே அது கழிவுதாங்க, உமி கழிவு, சூரியகாந்தித் தோடு கழிவு, சோயாத் தோலு கழிவு. கழிவா இருந்தும் வேலை செய்யுதுங்கிறதுதானே விஷயமே. புண்ணாக்கும் எண்ணெய் எடுத்த மிச்சம்தான், அதுக்கு யாரும் பேரு மாத்தலையே.

> எங்கட பக்கம் கொயர் ஃபைபரை தும்பு எண்டுதான் சொல்லுறது. தும்பு நல்ல சொல், ஏன் அதை எடுக்கேலாது?

அண்ணை, தும்பு எனக்கும் ரொம்ப பிடிச்ச சொல். சின்னச் சிக்கல் என்னன்னா எங்க ஷெட்டுல தென்னை நார்த்தூளைக் கூளமா போடுறாங்க, உமியும் போடுவாங்க. குஞ்சு இறக்கின முதல் வாரம் கூளத்தைக் கொத்தித் தின்னுட்டுத்தான் திரியும். தும்புன்னு எழுதினா தீவனத்துல இருக்கிறதா, கீழ கிடக்கிறதான்னு குழப்பம் வரும். (ஆனா கூளத்தைத் தின்னுறது முழு நஷ்டமும் இல்லை. மரச்சீவல் மாதிரி கரடான கூளத்துல வளர்ற கோழிக்கு கூண்டுக் கோழியை விட அரைவைப்பை கனமா இருக்கும், அதுவே தனக்கு வேண்டிய திப்பியைத் தேடிக்குதுன்னு நினைக்கிறேன்.) நீளமா, இழை இழையா இருக்கிறதுக்குத் தும்பை வெச்சுக்கலாம், கயிறு, பாய் பக்கம். கோழிக்கு வேண்டியது இழை இல்லை, துணுக்கு.

கச்சா நாருக்கு ‘பண்படா நார்’, ‘முதிரா நார்’னு எல்லாம் வந்திருக்கு. இதுல நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். இது ஒரு பொருளோட பேரே இல்லை, ஒரு டெஸ்ட்டோட ரிசல்ட். ஜெர்மனியில கோட்டிங்கன் பக்கத்துல வீண்டேன்னு ஒரு இடம், அங்க 1860கள்ல ஹென்னபெர்க்கும் ஸ்டோமனும் போட்ட முறை, தீவனத்தை நீர்த்த அமிலத்துல கொதிக்க வெச்சு, அப்புறம் காரத்துல கொதிக்க வெச்சு, மிஞ்சினதுல சாம்பலைக் கழிச்சா அது க்ரூட் ஃபைபர். இதுல கரையும் நார் மொத்தமும் போயிடும், ஹெமிசெல்லுலோஸ் பெரும்பகுதி போயிடும், தாவரத்தைக் கெட்டியாக்குற லிக்னின்ல கூட ஒரு பங்கு காரத்துல கரைஞ்சு போயிடும். மக்காச்சோளத்துல கச்சா நார் 2 சதவீதம் சுத்தித்தான் வரும், ஆனா மாவுச்சத்து அல்லாத பல்சர்க்கரை, அதான் நாங்க என்.எஸ்.பின்னு சொல்றது, 8-9 சதவீதம் இருக்கும். அதாவது லேபிள்ல இருக்கிற நம்பர் பிசுநாரைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது, திப்பிநாரைப் பத்தியும் அரைகுறையாத்தான் சொல்லும். நேர்மையா பேரு வைக்கணும்னா ‘அவிச்ச மிச்சம்’னு வைக்கலாம், அச்சுல போட மாட்டீங்க. கச்சா நார்னே இருக்கட்டும், கச்சாப் புரதத்தோட சேர்ந்து அது பழகிடுச்சு, ‘கச்சா’ தமிழான்னு இன்னொரு இழையில சண்டை போட்டுக்கலாம். நாரை அளக்கிற இன்னொரு முறையான வான் சோஸ்ட் முறையில வர்ற என்.டி.எஃப், ஏ.டி.எஃப்ங்கிற ரெண்டு அளவையும் எழுத்துச் சுருக்கமாவே விட்டுடுங்க, லேப் ரிப்போர்ட்ல அப்படித்தான் வரும், தமிழாக்கினா ரிப்போர்ட்டையும் கையேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாம தவிப்பாங்க.

ஒரு விஷயம் மட்டும் கையேட்டுல கட்டாயம் சேர்க்கணும்னு கேட்டுக்கிறேன். ‘திப்பிநார் நல்லது’ன்னு படிச்சிட்டு யாராவது நெல் உமியை அள்ளிக் கொட்டிடக் கூடாது. நெல் உமியில சாம்பல் மட்டுமே கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு, அதுல பெரும்பகுதி சிலிக்கா. ஏற்கெனவே எண்ணெய் எடுத்த தவிட்டுல உமியைக் கலந்து விக்கிறது இந்தத் தொழில்ல பழைய வியாதி, அதுக்காகவே ஒவ்வொரு லோடுக்கும் சேன்ட் சிலிக்கா (மணல், சிலிக்கா அளவு) டெஸ்ட் பார்க்கிறோம். தெரிஞ்சு அளவா 2-3 சதவீதம் கரடா போடுறது ஒண்ணு, தவிடுன்னு காசு கொடுத்து உமி வாங்குறது வேற ஒண்ணு. கூட்டினா எனர்ஜி நீர்த்துப் போகும், எஃப்.சி.ஆர் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம்ங்கிற கணக்கு) ஏறும், அப்புறம் சொல்லு வெச்ச நம்மளைத்தான் திட்டுவாங்க.

கையேட்டுல அந்தப் பத்தி இப்படி வந்தா எனக்கு சரியா படுது, பார்த்துச் சொல்லுங்க:

“கறிக்கோழித் தீவனத்தில் பிசுநார் கூடினால் எச்சம் ஒட்டும், கூளம் நனையும், கோதுமையோ குவாரோ சேர்க்கும்போது அதற்குரிய நொதியையும் சேர்க்கவும். திப்பிநார் சிறிதளவு இருந்தால் அரைவைப்பை நன்றாக வேலை செய்யும்; அதைப் பொடியாக அரைத்தால் பயன் இல்லை. மூட்டையில் உள்ள கச்சா நார் அளவு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.”

இதை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எங்க பக்கம் பண்ணை வெச்சிருக்கிற சிலர்கிட்ட படிச்சுக் காட்டுறேன், எந்தச் சொல்லுல நிக்கிறாங்கன்னு பார்த்து இங்கயே எழுதுறேன். லிக்னினுக்கு ‘காழ்’னு ஒருத்தர் சொன்னது அருமையான யோசனை, மரத்தோட வைரத்துக்குப் பழைய பேரு, ஆனா கையேட்டுல லிக்னின் ஒரே ஒரு இடத்துலதான் வருது, அங்க லிக்னின்னே இருக்கட்டும்னு நினைக்கிறேன், தாவரவியல் பக்கம் இருக்கிறவங்க காழை எடுத்துக்கட்டும்.

அப்புறம் தமிழாசிரியர்கள் ஒரு உதவி பண்ணணும், திப்பிநார்னு சேர்த்து எழுதணுமா, திப்பி நார்னு பிரிச்சா? அட்டவணை போடுறவர் ரெண்டு விதமாவும் வெச்சிருக்கார், தேடினா ஒண்ணு கிடைக்குது, ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது.